பிள்ளையைத் தூது விடாதீர்!

ஐந்து மாதத்துக்கு முந்திய ஒரு சனிக்கிழமை. உச்சி வெயில். காரைக்காலில் எங்கள் சங்க அலுவலகத்தின் வாசற்படியில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வந்து நின்றான். தோளில் பள்ளிக்கூடப் பை. கையில் நான்காக மடித்த காகிதம். நாகூருக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து தன்னந்தனியாக பஸ் ஏறி, வாஞ்சூர் எல்லையைத் தாண்டி வந்திருக்கிறான்.

"அப்பாவுக்கு இதைக் கொடுக்கணும். லீவுல வந்தா இங்கதான் வருவாருன்னு அம்மா சொன்னாங்க" என்றான்.

காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். மொத்தம் நாலு வரி. செருப்புக்கும் நோட்டுக்கும் பணம் வேண்டும் என்பது ஒரு வரி. மற்ற மூன்று வரியும் வசவு. எழுத்து அந்தப் பையனுடைய எழுத்து. தாய் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதியிருக்கிறான்.

டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். தின்றுகொண்டே கேட்டான்: "அப்பா பதிலுக்குத் திட்டினா, அதையும் நான் அம்மாகிட்ட போயி சொல்லணுமா மாமா?"

தோழர்களே! இருபது வருஷமாக எத்தனையோ தாவாக்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஆலை நிர்வாகம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். மிராசுதார் கேட்ட கேள்விக்கும், போலீஸ் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. வராததற்குக் காரணம் உண்டு. அவன் தாய் தந்தையரைப் பிரித்து வைத்த பேச்சில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

அண்டாவுக்குப் பட்டியல் உண்டு, பிள்ளைக்கு இல்லை

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்த பேச்சு அது. அவன் நூல் ஆலைத் தொழிலாளி. அவள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். ஆலை மூடியது. கடன் ஏறியது. சாராயக் கடை பக்கத்திலேயே இருந்தது. சண்டை வீட்டுக்குள் வந்தது. இனி சேர்ந்து வாழ முடியாது என்று இருவரும் முடிவு செய்தார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்தார்கள். நானும் போனேன்.

இரண்டு மணி நேரம் பேசினோம். எதைப் பற்றிப் பேசினோம்? கட்டில் யாருக்கு, பீரோ யாருக்கு, அண்டா எத்தனை, குடம் எத்தனை, தோடு அடகில் இருக்கிறதே அதை மீட்பது யார்? எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டோம். எழுந்திருக்கிற நேரத்தில் யாரோ ஒருவர் கேட்டார், "பையன்?" என்று. "தாயோட இருக்கட்டும்" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கினோம். "தோழர் நல்லபடியாக முடித்து வைத்தார்" என்று பாராட்டும் கிடைத்தது.

அண்டாவுக்கும் குண்டாவுக்கும் பட்டியல் போட்ட நாங்கள், மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வரி எழுதவில்லை. தகப்பன் எப்போது பார்ப்பான்? மாதம் எவ்வளவு கொடுப்பான்? யார் கையில் கொடுப்பான்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் யாருக்குச் சொல்வது? ஒன்றும் இல்லை. தகப்பன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். தாய் பிறந்த ஊருக்குப் போனாள். பேச்சு அறுந்தது. அறுந்த நூலுக்கு முடிச்சாக அந்தப் பிள்ளையையே போட்டார்கள். இது சுயவிமர்சனம். அலங்காரத்துக்காக எழுதவில்லை. நம் ஊழியர்களில் பலர் இதே தவறைச் செய்து கொண்டிருக்கிறோம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இதுவும் கட்சிப் பத்திரிகையில் எழுத வேண்டிய விஷயமா?

சில தோழர்கள் கேட்பார்கள்: "கூலிப் பிரச்னை இருக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் வராத பிரச்னை இருக்கிறது. புருஷன் பெண்சாதி பிரிந்த கதையெல்லாம் நமக்கு எதற்கு?"

நமக்குத்தான்! ஆலை மூடினால் முதலில் அடுப்பு அணைகிறது. அடுத்து வீடு உடைகிறது. காவிரியின் கடைமடையில் ஒரு போகம் பொய்த்தால், ஆண்பிள்ளை திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வளைகுடாவுக்கோ போகிறான். வருஷத்தில் பத்து நாள் சேர்ந்து இருக்கிற குடும்பத்தில் சந்தேகமும் வட்டிக்கடனும் குடியேறுகின்றன. குடும்பம் உடைவதில் இந்தச் சமுதாய அமைப்புக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அதற்காக, மனைவியை அடிக்கிறவனுக்கு "முதலாளித்துவம்தான் காரணம்" என்று நாம் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அடித்த கை அவனுடைய கை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விவாகரத்து உரிமையை நாம் எதிர்க்கவில்லை. 1917 நவம்பரில் அதிகாரத்துக்கு வந்த சோவியத் அரசு, அதே ஆண்டு டிசம்பரிலேயே விவாகரத்து உரிமையைச் சட்டமாக்கியது. நம் நாட்டில் இந்து திருமணச் சட்டம் 1955இல்தான் வந்தது. ஆனால் உழைக்கும் சாதிகளில் அறுத்துக்கட்டும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. மேல்சாதிக்காரர்கள் அதைச் சொல்லியே நம்மை ஏளனம் செய்தார்கள். சேர்ந்து வாழ முடியாத இருவர் பிரிவது கேவலம் அல்ல. பிரிந்த பிறகு பிள்ளையை இரண்டு பக்கமும் இழுப்பதுதான் கேவலம்.

புருஷன் பெண்சாதி என்ற உறவு முடியலாம். தகப்பன் தாய் என்ற வேலை முடிவதில்லை. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும் வரை இருவரும் ஒரே ஷிப்டில் நிற்கும் தொழிலாளிகள். ஒருவரோடொருவர் பேச்சே இல்லாமல் ஒரு மிஷினை ஓட்ட முடியுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

நாங்கள் எழுதிய முத்திரைத் தாளுக்கு வருவோம். வெறும் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவதால் மட்டும் விவாகரத்து ஆகிவிடாது. வழக்கப்படியான விவாகரத்தை 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆவது பிரிவு காப்பாற்றுகிறது; ஆனால் அந்த வழக்கம் அந்தச் சமூகத்தில் உண்டு என்று நிரூபிக்க வேண்டும். இருவரும் மனமொத்துப் பிரிவதென்றால் 13-பி பிரிவின்கீழ் கோர்ட்டில் கூட்டு மனு கொடுக்கலாம். அதில் சொல்லப்பட்ட ஆறு மாதக் காத்திருப்பை, தகுந்த வழக்குகளில் கோர்ட் தளர்த்தலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2017இல் கூறியது.

பிள்ளை யாருக்கு? 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் தகப்பனை முதல் காப்பாளர் என்றும், அவருக்குப் "பிறகு" தாய் என்றும் எழுதியது. "பிறகு" என்றால் அவர் செத்த பிறகுதான் என்று பொருள் அல்ல என்று கீதா ஹரிஹரன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1999இல் தீர்ப்பளித்தது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பது அதே சட்டம். எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது பிள்ளையின் நலன். தகப்பன் உரிமையும் தாய் உரிமையும் அதற்குக் கீழேதான். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களும் போகக்கூடிய பொதுச் சட்டமாக 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் இருக்கிறது.

நம் காரைக்காலில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வம்சத்தார் இங்கே இருக்கிறார்கள். புதுச்சேரியின் இந்த 'ரெனோன்சான்'களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே 1963இல் சேர்த்தார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆனதெல்லாம் தமக்கும் ஆகும் என்று எண்ணாமல், முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

அடுத்து எல்லைப் பிரச்னை. காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடு. பெண் எடுப்பதும் கொடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. பிரிந்தால் அவன் காரைக்கால் கோர்ட்டில் மனு போடுகிறான். அவள் நாகப்பட்டினத்தில் போடுகிறாள். இரண்டும் சென்னை ஐகோர்ட்டின் ஆளுகைதான். ஆனாலும் வாய்தாவுக்கு வாய்தா பஸ் கூலியும் ஒரு நாள் சம்பளமும் போகிறது. பணக்காரனுக்கு வழக்கு ஒரு செலவு. கூலிக்காரனுக்கு வழக்கு ஒரு பட்டினி.

மத்தியஸ்தம் நமக்குப் புதிதல்ல

பேசித் தீர்க்கும் கலையை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. 1936 ஜூலை 30ஆம் தேதி புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கிச் சூடு நடத்தி 12 பேரைப் பலிகொண்டது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத் தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் பேசி, 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை என்ற ஆணையைப் பெற்றோம். கீழத் தஞ்சையில் 1944இல் மன்னார்குடி ஒப்பந்தத்தின் மூலம், சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பண்ணையாட்கள் எழுத்து மூலம் உறுதி பெற்றார்கள். ஜென்ம எதிரிகளோடு மேஜையில் உட்கார்ந்து, கோரிக்கையை வரிசையாக எழுதி, கையெழுத்து வாங்கத் தெரிந்த வர்க்கம் நம் வர்க்கம். பெற்ற பிள்ளைக்காகப் பழைய மனைவியோடு, பழைய புருஷனோடு அப்படி உட்கார முடியாதா?

ஆனால் மத்தியஸ்தம் வேறு, கட்டைப் பஞ்சாயத்து வேறு. பஞ்சாயத்தில் ஊர்ப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். பெரும்பாலும் பெண்ணுக்கு அங்கே உட்கார இடம் கிடையாது. அவள் தகப்பனோ அண்ணனோ அவளுக்காகப் பேசுகிறான். மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரையும் பேச வைக்கிறார். இருவரும் ஒப்புக்கொண்டதை எழுத வைக்கிறார். அங்கே பேசிய பேச்சை மறுநாள் கோர்ட்டில் சாட்சியமாக எடுத்து வீச முடியாது. ஒப்பந்தம் ஏற்பட்டால் கோர்ட் அதை உத்தரவாக்குகிறது. மீறினால் கேட்க வழி உண்டு. ஏற்படாவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து நடக்கும்.

சென்னை ஐகோர்ட்டில் 2005 ஏப்ரலில் தொடங்கிய மத்தியஸ்த மையம், நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் நாட்டிலேயே முன்னோடி. குடும்ப நீதிமன்றங்கள் சமரசத்துக்கு முதலில் முயல வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டுச் சட்டம். திருமணத் தகராறுகளை மத்தியஸ்தத்துக்கு அனுப்பச் சொல்லி சுப்ரீம் கோர்ட் 2013இல் வலியுறுத்தியது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மத்தியஸ்தச் சட்டம், இணைய வழி மத்தியஸ்தத்துக்கும் சமுதாய மத்தியஸ்தத்துக்கும் இடம் வகுத்தது. ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் அதன் சில பிரிவுகளை மட்டுமே சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. நார்வே நாட்டில் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தம்பதி பிரிவதானால், ஒரு மணி நேரமாவது மத்தியஸ்தரிடம் உட்கார்ந்தாக வேண்டும். அங்கே அதற்கு அரசாங்கமே குடும்ப ஆலோசனை நிலையங்கள் நடத்துகிறது.

"வக்கீலுக்குக் கொடுக்கக் காசு ஏது?" என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆவது பிரிவைக் கேளுங்கள். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இந்த உரிமை உள்ள எத்தனை மில் தோழர்கள் வட்டிக்கு வாங்கி வக்கீல் பீஸ் கட்டியிருக்கிறார்கள்! இலவசத் தொலைபேசி எண் 15100. சுவரில் எழுதி வையுங்கள்.

கையில் இருக்கும் கருவி

இன்று குடிசையிலும் செல்போன் இருக்கிறது. அது ஒரு கருவி. அரிவாள் போல. கதிரையும் அறுக்கும், காலையும் அறுக்கும். யார் கையில், எதற்காக என்பதே கேள்வி.

2020 ஜனவரியில் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதை ஒவ்வொரு தோழரும் தெரிந்துகொள்ள வேண்டும். தாய் தகப்பன் இருவருடைய அன்பும் பிள்ளைக்கு உரிமை. பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாதவருக்குத் தினமும் ஐந்து பத்து நிமிஷமாவது பிள்ளையோடு பேசும் உரிமை வேண்டும். தூரத்தில் இருந்தால் முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்பே நல்ல வழி. இதுதான் அதன் சாரம். திருப்பூரில் இருப்பவனுக்கும் துபாயில் இருப்பவனுக்கும் இது பொருந்தும். சிங்கப்பூரில் இரவு 9 மணி என்றால் இங்கே 6:30. துபாயில் இரவு 8 மணி என்றால் இங்கே 9:30, பிள்ளை தூங்கியிருக்கும். இதைக்கூடக் கணக்குப் பார்த்து நேரம் குறிக்க வேண்டும்.

கோர்ட் விசாரணையையே வீடியோவில் நடத்தலாமா என்ற கேள்வியும் எழுந்தது. 2017 அக்டோபரில் சாந்தினி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை நீதிபதிகள், சமரச முயற்சி முடிந்த பிறகு, இருவரும் சம்மதித்தால் குடும்ப நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றனர். பயணம் செய்ய முடியாத பெண்ணுக்கு அது துணையாகும் என்று ஒரு நீதிபதி மாறுபட்டு எழுதினார். 2020இல் கொள்ளை நோய் வந்தபோது நாடெங்கும் கோர்ட்டுகள் வீடியோவில் நடந்தன. முடியாது என்று சொன்னது முடிந்தது. வழக்கு எந்தத் தேதி என்று தெரிந்துகொள்ள மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை. கோர்ட்டுகளின் செல்போன் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டாலே தேதி தெரியும். சங்கத்து இளைஞர்கள் இதைப் பார்த்துச் சொல்லலாமே!

அமெரிக்காவில் பிரிந்த பெற்றோருக்கென்றே செயலிகள் விற்கிறார்கள். அனுப்பிய சேதியை அழிக்க முடியாது. தேதியும் நேரமும் பதிவாகும். பிள்ளை யாரிடம் எந்த நாள் என்ற காலண்டர் இருக்கும். செலவுக் கணக்கு இருக்கும். தேவையானால் கோர்ட் பார்க்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது ஆங்கிலம் தெரிந்தவனுக்கும் சந்தா கட்டக்கூடியவனுக்கும். அதன் சாரத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சாரம் என்ன? எழுத்தில் இருக்க வேண்டும், தேதியோடு இருக்க வேண்டும், பிள்ளையைப் பற்றி மட்டும் இருக்க வேண்டும். நம் சங்க மினிட் புத்தகமும் இதுதானே!

ஆறு விதிகள்

நானும் மாதர் சங்கத் தோழர் ஒருவரும் நடைமுறையில் கண்டவற்றை எழுதுகிறேன்.

ஒன்று: பணம் கையில் கொடுக்காதே, பாங்கியில் போடு, அல்லது செல்போன் வழியாக அனுப்பு. கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லை. "கொடுத்தேன்", "கொடுக்கவில்லை" என்பதிலேயே பாதிச் சண்டை. ஜீவனாம்ச வழக்கில் இருவரும் வரவு, சொத்து விவரத்தை உறுதிமொழிப் பத்திரத்தில் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2020 நவம்பரில் உத்தரவிட்டது. ஒளிப்பதற்கு இடம் குறைந்து வருகிறது.

இரண்டு: பணம் வேறு, பிள்ளை வேறு. பணம் வரவில்லை என்று பிள்ளையை மறைக்காதே. பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்தாதே. இரண்டுக்கும் தனித்தனியே கோர்ட் வழி இருக்கிறது. பிள்ளையை அடகுப் பொருளாக்காதே.

மூன்று: பேசும் நாளும் நேரமும் எழுத்தில் இருக்கட்டும். பிள்ளை பேசும்போது பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காதே. பேசி முடித்ததும் "உங்கப்பன் என்ன கேட்டான்?" என்று விசாரணைக் கமிஷன் வைக்காதே.

நான்கு: சேதி பிள்ளையைப் பற்றி மட்டும். படிப்பு, காய்ச்சல், துணிமணி, லீவு. எழுதத் தெரியாவிட்டால் குரலைப் பதிந்து அனுப்பலாம். குடித்துவிட்டு போனைத் தொடாதே. ராத்திரி எழுதிய கோபத்தைக் காலையில் அனுப்பு. காலையில் அதை நீயே அழித்துவிடுவாய்.

ஐந்து: பிரிந்த கதையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதே. உன் பிள்ளையின் வாத்தியார் பார்க்கிறார். அவன் சிநேகிதனின் அக்காள் பார்க்கிறாள். பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்து, அந்த வீட்டை வேவு பார்க்க வைக்காதே.

ஆறு: நம்பரை மாற்றினால் அன்றைக்கே சொல். அந்தச் சிறுவனின் தகப்பன் இரண்டு வருஷம் மகன் குரலைக் கேட்கவில்லை. காரணம், மாறிப்போன ஒரு செல்போன் நம்பர்.

அடி வாங்கியவளைச் சமரசத்துக்கு இழுக்காதே

இந்த இடத்தில் நிறுத்திப் படியுங்கள். மேலே சொன்னதெல்லாம் இருவரும் சரிசமமாக உட்காரக்கூடிய இடத்துக்குத்தான். அடி, மிரட்டல், ஆசிட் ஊற்றுவேன் என்ற பேச்சு, பிள்ளை மேல் கை வைத்தல், இவை இருந்தால் மத்தியஸ்தம் என்ற பேரில் அவளை அவன் எதிரில் உட்கார வைப்பது குற்றத்துக்குத் துணை போவதாகும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில், அவன் அவளை நேரிலோ போனிலோ தொடர்பு கொள்ளக் கூடாது என்று தடை வாங்கலாம். பிள்ளையைத் தற்காலிகமாக அவளிடம் ஒப்படைக்க உத்தரவு வாங்கலாம். பெண்கள் உதவிக்கு 181. குழந்தைகள் உதவிக்கு 1098. மிரட்டும் சேதியை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மின்னணுப் பதிவைக் கோர்ட் ஏற்க உரிய சான்றிதழ் வேண்டும். அதற்குச் சட்ட உதவி வக்கீலைக் கேளுங்கள்.

நாம் கோருவது

சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியவை சில. வாய்தாவும் மத்தியஸ்தமும் பகல் கூலியைப் பறிக்காதபடி, ஞாயிற்றுக்கிழமையிலும் மாலையிலும் காரைக்காலிலேயே மத்தியஸ்தர் உட்கார வேண்டும். எல்லைக்கு இருபுறமும் உள்ள தம்பதிகளுக்கு வீடியோ வழி மத்தியஸ்தம் வேண்டும். அதற்கான போனும் இணையமும் பஞ்சாயத்து அலுவலகத்திலோ நூலகத்திலோ இருக்க வேண்டும். பிள்ளை தகப்பனைப் பார்க்கும் இடம் கோர்ட் தாழ்வாரமாகவும் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சாகவும் இருக்கக் கூடாது. விளையாட்டுச் சாமானும் பாயும் உள்ள ஒரு அறை வேண்டும். இது பெரிய செலவா? 2011 கணக்குப்படி இரண்டு லட்சம் ஜனங்கள் உள்ள ஜில்லாவில் இப்படி ஒரு அறை கட்ட முடியாதா?

நம் சங்கங்களும் செய்ய வேண்டியது உண்டு. இனி எந்தத் தோழரும் குடும்பத் தகராறில் உட்கார்ந்தால், மாதர் சங்கத் தோழர் ஒருவர் இல்லாமல் உட்காரக் கூடாது. பீரோவைப் பற்றிப் பேசும் முன் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். பேசி முடித்ததை நம்மோடு வைத்துக்கொள்ளாமல், சட்டப் பணிகள் குழு வழியாகக் கோர்ட் உத்தரவாக்க வேண்டும். நாம் நீதிபதிகள் அல்ல. வழி காட்டுகிறவர்கள் மட்டுமே.

அந்தச் சிறுவன் என்ன ஆனான்?

அன்று அவனை நானே பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போய்த் தாயிடம் விட்டேன். "ஏன் தங்கச்சி, பிள்ளையைத் தனியா அனுப்பலாமா?" என்றேன். அவள் அழுதாள். "மூணு மாசமா பணம் வரலை அண்ணே. நான் போன் போட்டா அவரு எடுக்கிறதில்லை. வேற யாரை அனுப்புவேன்?" என்றாள். அந்த மூன்று வரி வசவுக்குப் பின்னால் மூன்று மாதப் பட்டினி இருந்தது.

திருப்பூருக்குப் போன் செய்தேன். அவன் என்னைக் கேட்டான்: "அன்னைக்கு நீங்கதானே தோழர் முடிச்சு வச்சீங்க? புள்ளையை எப்பப் பாக்கிறதுன்னு ஒருத்தரும் கேக்கலையே?" நியாயமான கேள்வி. தலை குனிந்தேன்.

பொங்கலுக்கு அவன் வந்தபோது இருவரும் மத்தியஸ்தர் முன் உட்கார்ந்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை உள்ளே எனக்கு வேலை இல்லை. ஒரே தாள் எழுதினார்கள். மாதம் 7ஆம் தேதி பணம் அவள் கணக்குக்கு வரும். ஞாயிறு மாலை 7 மணிக்குப் பாட்டியின் போனில் மகன் பேசுவான். திருவிழா லீவில் இரண்டு நாள் தகப்பன் வீட்டுக்குப் போவான். தகப்பனே வந்து அழைத்துப் போவான், தகப்பனே கொண்டு வந்து விடுவான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது ஞாயிறு அவன் போன் செய்யவில்லை. கூடுதல் வேலை என்றான். குடித்திருந்தான் என்று அவள் சொல்கிறாள். ஒரு மாதம் பணம் 7ஆம் தேதிக்குப் பதில் 16ஆம் தேதி வந்தது. ஆனால் அந்தத் தாமதத்துக்கு வசவு பிள்ளை வழியாகப் போகவில்லை. "பணம் வரலை. நோட்டு வாங்கணும்" என்று குரல் பதிவு போனது. "சம்பளம் தள்ளிப் போச்சு. 16ஆம் தேதி அனுப்பறேன்" என்று பதில் வந்தது. இவ்வளவுதான். சாதாரண விஷயம். இந்தச் சாதாரண விஷயத்துக்காக அந்தப் பிள்ளை ஆறு வருஷம் காத்திருந்தான்.

தோழர்களே! கூலி உயர்வுக்குப் போராடுகிறோம், நாளைக்குப் பிறக்கும் தலைமுறைக்காக என்று சொல்கிறோம். அந்தத் தலைமுறை இன்றைக்கே பிறந்து, கையில் மடித்த காகிதத்தோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொள்வோம். தூது போவதற்குப் பெரியவர்கள் நாம் இருக்கிறோம். பிள்ளை விளையாடப் போகட்டும்!